பாலைவனத்துக்கு வந்த ஆறு: 649 கி.மீ. கால்வாயும் கடைமடையில் காத்திருக்கும் மக்களும்

ராஜஸ்தானின் பிகானேர் பக்கம் ஓர் இடத்துக்குப் பெயர் '682 ஆர்.டி.' இது பஸ் நம்பர் இல்லை, அரசு அலுவலகக் கோப்பு எண்ணும் இல்லை. கால்வாயில் 1,000 அடி தூரம் என்பது ஓர் ஆர்.டி. அப்படியானால் 682 ஆர்.டி. என்பது, பிரதான கால்வாய் தொடங்கும் இடத்திலிருந்து 6,82,000 அடி, அதாவது சுமார் 208 கி.மீ. தள்ளியிருக்கும் இடம். இன்ஜினீயர்கள் அளவுக்கல்லில் எழுதிய எண்ணே அங்கு வந்து குடியேறிய மக்களுக்கு ஊர்ப்பெயர் ஆகிவிட்டது.

அந்தப் பகுதியில் இப்படி ஏராளமான ஊர்கள் உண்டு. கிளைக் கால்வாயின் பெயரிலிருந்து சில எழுத்துகள், முன்னால் ஓர் எண்... அவ்வளவுதான் ஊரின் பெயர். இத்தகைய குடியேற்ற ஊர்களை 'சக்' என்கிறார்கள். குலதெய்வத்தின் பெயரிலோ, ஏரி குளத்தின் பெயரிலோ ஊர்கள் அமையும் நாட்டில், இங்கு மட்டும் ஏன் இந்த எண்கள்? ஏனென்றால் இந்த ஊர்கள் தாமாக வளரவில்லை. முதலில் வரைபடத்தில் கோடு போடப்பட்டது. பிறகு தண்ணீர் வந்தது. கடைசியாகத்தான் மனிதர்கள் வந்தார்கள்.

அந்தக் கோட்டின் பெயர் இந்திரா காந்தி கால்வாய். தார் பாலைவனத்தில் விவசாயக் குடும்பங்களைக் குடியேற்ற இந்தியா போட்ட மிகப்பெரிய திட்டம். அது ஜெயித்ததா? கால்வாயின் தலைமடையில் கேட்டால் ஒரு பதில், கடைமடையில் கேட்டால் இன்னொரு பதில்!

பஞ்சம் கற்றுத்தந்த பாடம்

கதை 1899-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மழை பொய்த்தது. விக்ரம ஆண்டுக் கணக்கில் அது 1956 என்பதால், ராஜஸ்தான் கிராமங்களில் இன்றும் அதை 'சப்பனியா' பஞ்சம் என்கிறார்கள். சப்பன் என்றால் 56. மனிதர்களும் கால்நடைகளும் கூட்டம் கூட்டமாக மடிந்த பஞ்சம் அது.

அப்போது பிகானேர் சமஸ்தானத்தின் ராஜா, 20 வயதைக்கூட எட்டாத கங்கா சிங். சட்லெஜ் நதித் தண்ணீரைத் தன் மண்ணுக்குக் கொண்டுவர அவர் பிறகு பல ஆண்டுகள் போராடினார். 1927-ல் கங்க் கால்வாய் திறக்கப்பட்டது. பஞ்சாபிலிருந்து விவசாயிகள் வரவழைக்கப்பட்டார்கள். வெறும் மணலாகக் கிடந்த இடத்தில் கோதுமையும் பருத்தியும் விளைந்தன. இன்று கின்னோ ஆரஞ்சுக்குப் பேர்போன ஸ்ரீகங்காநகர், அந்த ராஜாவின் பெயரைத் தாங்கிய ஊர்தான்.

'வடக்கு மூலையில் முடிந்தது, மொத்தப் பாலைவனத்துக்கும் ஏன் முடியாது?' என்று யோசித்தவர் பிகானேர் சமஸ்தானத்தின் தலைமை இன்ஜினீயர் கன்வர் சேன். 1948-ல் அவர் கொடுத்த அறிக்கைதான் இந்தத் திட்டத்தின் விதை. 1958-ல் அன்றைய உள்துறை அமைச்சர் கோவிந்த் வல்லப் பந்த் அடிக்கல் நாட்டினார். 1961 அக்டோபரில் முதன்முதலாக ஒரு கிளைக் கால்வாயில் தண்ணீரைத் திறந்துவிட்டவர் நமக்கு நெருக்கமானவர். திருத்தணியில் பிறந்த, அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் எஸ்.ராதாகிருஷ்ணன்!

அன்று அதன் பெயர் ராஜஸ்தான் கால்வாய். 1984-ல், இந்திரா காந்தியின் மறைவுக்குப் பிறகு இன்றைய பெயர் வந்தது.

தண்ணீரோடு ஒரு பயணம்

பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் சேரும் இடம் ஹரிகே. அங்குள்ள தடுப்பணையிலிருந்து, 204 கி.மீ. நீளமுள்ள ஊட்டுக் கால்வாய் புறப்படுகிறது. விநாடிக்கு 18,500 கன அடி தண்ணீரைச் சுமக்கும் அளவுக்கு வடிவமைக்கப்பட்ட கால்வாய் இது. பஞ்சாப், ஹரியானாவைக் கடந்து ராஜஸ்தானின் ஹனுமன்கர் மாவட்டத்துக்குள் நுழைகிறது. அங்கே மசீதாவாலியில் பிரதான கால்வாய் தொடங்குகிறது. அதன் நீளம் 445 கி.மீ. ஆக மொத்தம் 649 கி.மீ. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரையான தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

வெட்டும்போது மணல் புயல் அடித்து, தோண்டிய பள்ளத்தை மூடிவிடும். ஒட்டகங்களும் கழுதைகளும் மண் சுமந்தன. தண்ணீர் மணலுக்குள் இறங்கிவிடாமல் இருக்க, செங்கல் ஓடு பதித்தார்கள். கரை நெடுக சிசு, யூகலிப்டஸ் மரங்களை நட்டு மணலை நிறுத்தினார்கள். இன்று ஜீப்பில் போகிறவர்களுக்கு ஒருபக்கம் மணல் மேடு, ஒருபக்கம் கோதுமைப் பச்சை, நடுவே நீலத் தண்ணீர் என்று தெரியும் காட்சி, சுமார் 30 ஆண்டுகள் வேலை செய்த தொழிலாளர்கள் உருவாக்கியது.

1987 ஜனவரி 1. இமயமலைத் தண்ணீர் ஜெய்சல்மேர் மாவட்டத்தின் மோகன்கரை எட்டியது. பிரதான கால்வாய் முடியும் இடம் அதுதான்.

கால்வாயின் தொடக்கப் பகுதியில் கட்டாயம் பார்க்கவேண்டிய ஊர் ஒன்று உண்டு. ஹனுமன்கர் மாவட்டத்தின் காலிபங்கன். சிந்துவெளி நாகரிகத்தின் முக்கியமான நகரம். இன்று பெரும்பாலும் வறண்டு கிடக்கும் கக்கர் ஆற்றங்கரையில் உள்ளது. 1960-களில் ஒருபக்கம் கால்வாய்க்காக மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் இங்கே தொல்லியல் துறையினர் அகழாய்வு செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கண்டெடுத்த பொருள்களில் முக்கியமானது, சுமார் 4,800 ஆண்டுகளுக்கு முந்தைய உழவு நிலம். ஏர் ஓட்டிய தடம் குறுக்கும் நெடுக்குமாக அப்படியே இருந்தது. தண்ணீர் இருந்தவரை இங்கே விவசாயம் இருந்தது. தண்ணீர் குறைந்ததும் மக்கள் நகர்ந்துவிட்டார்கள். இந்த மண்ணில் மனிதன் குடியேறுவது இது முதல்முறை இல்லை என்பதற்கு அந்த ஏர்த் தடமே சாட்சி.

25 பீகா நிலம்

தண்ணீர் மட்டும் வந்தால் போதுமா? உழுவதற்கு ஆள் வேண்டுமே! பிகானேரைத் தலைமையிடமாகக் கொண்டு இதற்கென்றே குடியேற்றத் துறை ஒன்று இயங்கியது. ஒரு குடும்பத்துக்கு ஒரு 'முரப்பா'. அதாவது 25 பீகா. நம் கணக்கில் சுமார் பதினைந்தரை ஏக்கர். நிலமற்றவர்கள், முன்னாள் ராணுவத்தினர் எனப் பலருக்கும் தவணை முறையில் நிலம் ஒதுக்கப்பட்டது.

பதினைந்தரை ஏக்கர் என்றதும் நம் ஊர் விவசாயிக்குக் கண்கள் விரியும். ஆனால், கையில் கிடைத்தது வயல் இல்லை, மணல் மேடு. அதைச் சமப்படுத்த டிராக்டர் வேண்டும். வாய்க்கால் வெட்ட வேண்டும். முதல் விளைச்சல் வரும்வரை சாப்பிட வேண்டும். பள்ளிக்கூடம், மருத்துவமனை, ரோடு எல்லாம் தண்ணீருக்குப் பல வருடங்கள் கழித்தே வந்தன. முதல் சில ஆண்டுகளைத் தாக்குப்பிடித்தவர்கள் நிமிர்ந்தார்கள். முடியாதவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள் அல்லது கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

இதில் மனதைக் கனக்கச் செய்வது போங் அணை மக்களின் கதை. கால்வாய்க்குத் தண்ணீர் தேக்குவதற்காக இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா பகுதியில் பியாஸ் ஆற்றின் குறுக்கே 1970-களில் போங் அணை கட்டப்பட்டது. 20,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் வீடும் வயலும் நீரில் போயின. அவர்களில் 16,000-க்கும் அதிகமான குடும்பங்களுக்கு ராஜஸ்தானின் கால்வாய்ப் பகுதியில் நிலம் என்று முடிவானது.

யோசித்துப் பாருங்கள். பனிமலை அடிவாரத்தில், படிப்படியான நெல் வயல்களோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். அனுப்பப்பட்ட இடமோ, மே மாதத்தில் 45 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் மணல்காடு. இதே தார் பாலைவனத்தின் பலோடியில்தான் 2016-ல் 51 டிகிரி வெப்பம் பதிவானது. சிலர் வந்தார்கள். சிலர் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். சிலருக்கு ஒதுக்கிய நிலம் ஏற்கெனவே வேறொருவர் அனுபவத்தில் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996-ல் நீதிமன்றமே உயர்மட்டக் குழு அமைக்கச் சொன்னது. அணை கட்டி அரை நூற்றாண்டு ஆகிறது. நிலத்துக்காகக் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

காலியாகவா இருந்தது பாலைவனம்?

திட்ட வரைபடத்தில் இந்த நிலம் 'தரிசு'. ஆனால், அங்கே மனிதர்கள் இருந்தார்கள். ராய்க்கா இனத்து ஒட்டக மேய்ப்பர்கள், சிந்தி முஸ்லிம் மேய்ப்பர்கள், மரத்தையும் மானையும் தெய்வமாகக் கருதும் பிஷ்னோய் மக்கள் எனப் பலரும் வாழ்ந்த மண் அது.

அவர்களிடம் தண்ணீருக்கும் வழி இருந்தது. வீட்டு முற்றத்து மழைநீரைச் சேமிக்கும் 'டாங்கா' தொட்டிகள். ஜெய்சல்மேர் பக்கம் போனால் 'கதீன்' என்ற ஏற்பாட்டைப் பார்க்கலாம். சரிவில் வழியும் மழைநீரைக் கரைகட்டி நிறுத்தி, நிலத்தை ஊறவைத்து, அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவிப்பார்கள். பாலிவால் பிராமணர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு உருவாக்கிய முறை இது. இன்றும் சில இடங்களில் விவசாயம் நடக்கிறது.

மழையை நம்பிய மற்ற இடங்களில் கம்பு, கொத்தவரை, நரிப்பயறு. நாம் கொறிக்கும் பிகானேரி புஜியாவின் ருசிக்குக் காரணமே இந்த நரிப்பயறு மாவுதான். மற்றபடி எங்கும் சேவண் புல். வறட்சியிலும் வேரில் உயிரைப் பிடித்துக்கொண்டு, ஒரு மழை பெய்ததும் தழைத்துவிடும் புல். ராட்டி, தார்பார்க்கர் மாடுகள் இந்தப் புல்லைத் தின்று பால் கொடுத்தன. நடுநடுவே 'கேஜ்ரி' மரம். பெயர் புதிதாக இருக்கிறதா? நம் ஊர்க் கோயில்களில் சுற்றிவருகிறோமே, அதே வன்னி மரம்தான்!

மேய்ச்சல் நிலம் முரப்பாக்களாக அறுக்கப்பட்டபோது, மேய்ப்பர்களின் பாதை மறிக்கப்பட்டது. சேவண் புல்வெளி கோதுமை வயலானபோது கானமயிலுக்கும் இடம் குறைந்தது. ராஜஸ்தானின் மாநிலப் பறவையான அது, இன்று உலகத்திலேயே 150-க்கும் குறைவாக இருப்பதாகக் கணிக்கிறார்கள். ஒட்டகமும் அப்படித்தான். 2012 கணக்கெடுப்பில் ராஜஸ்தானில் 3.26 லட்சம் ஒட்டகங்கள். 2019-ல் 2.13 லட்சம். டிராக்டரும் லாரியும் வந்தது ஒரு காரணம், மேய்ச்சல் நிலம் சுருங்கியது இன்னொரு காரணம்.

தாகம் தீர்த்தது... தரை ஊறியது

அதற்காகக் கால்வாயைக் குறை மட்டுமே சொல்லிவிட முடியாது. முன்பு மைல் கணக்கில் நடந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்த பெண்களின் மருமகள்கள் இன்று வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். பிகானேர், ஜெய்சல்மேர், ஜோத்பூர் எனப் பத்துக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் குடிநீருக்கு இந்தக் கால்வாயையே நம்பியிருக்கின்றன. ஜோத்பூருக்கு சுமார் 200 கி.மீ. தூரம் தண்ணீரை மேடேற்றிக் கொண்டுபோகிறார்கள். சப்பனியா போன்ற பஞ்சச் சாவு மறுபடி வரவில்லை. பிகானேர் இன்று நிலக்கடலைக்குப் பெரிய சந்தை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற வீட்டின் நிம்மதிக்கு விலையே கிடையாது.

ஆனால், மணலுக்குத் தண்ணீரைக் கொடுப்பது ஒரு கலை. அளவு தாண்டினால் அதுவே ஆபத்து. இந்தப் பகுதியில் பல இடங்களில் நிலத்துக்குச் சில அடிகளுக்குக் கீழே ஜிப்சம் கலந்த இறுகிய அடுக்கு இருக்கிறது. ஊற்றிய தண்ணீர் அதைத் தாண்டி இறங்காது. வருடக்கணக்கில் பாய்ச்சப் பாய்ச்ச, அடியிலிருந்து தண்ணீர் மேலேறி, கூடவே உப்பையும் கொண்டுவந்தது. உள்ளூர் மொழியில் இதற்கு 'சேம்' என்று பெயர். ஹனுமன்கர் மாவட்டத்தின் ராவத்சர், படோபல் பக்கங்களில் வயல்கள் சதுப்பாகின, மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின, வீடுகள் விரிசல் விட்டன. பாலைவனத்தில் தண்ணீர் அதிகமாகி ஊரைக் காலி செய்யும் நிலை!

கொசுவும் வந்தது. 1994-ல் பெருமழைக்குப் பிறகு மேற்கு ராஜஸ்தானில் மலேரியா கொள்ளைநோயாகப் பரவி உயிர்களைப் பறித்தது. தேங்கிய கால்வாய் நீரும் அதற்குத் துணைபோனதாக மருத்துவ ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

கடைமடையின் கணக்கு

காவிரி டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தலைமடையில் ஒரு மடை கூடுதலாகத் திறந்தால், கடைமடையில் ஒரு வயல் காயும். இங்கும் அதே கதைதான். 'பாரி' என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். வாரத்தில் இன்ன நாள், இன்ன மணிக்கு உங்கள் முறை. நள்ளிரவு 2 மணி என்றாலும் டார்ச் லைட்டோடு வயலுக்குப் போயாக வேண்டும். போனால் தண்ணீர் வருமா என்பது, மேலே இருப்பவர்களைப் பொறுத்தது.

கால்வாயின் முதல் கட்டம் 189 கி.மீ. இரண்டாம் கட்டம் 256 கி.மீ. தண்ணீர் தாராளமாக இருந்த காலத்தில் முதல் கட்டத்து விவசாயிகள் அதிகத் தண்ணீர் கேட்கும் பயிர்களுக்குப் பழகிவிட்டார்கள். இரண்டாம் கட்டத்துக்குக் கால்வாய் நீண்டபோது, அதே தண்ணீரைப் பங்குபோட வேண்டியதாயிற்று. 2004-ல் கர்சானா, ராவ்லா பகுதிகளில் விவசாயிகள் தண்ணீர் கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். போராட்டம் வெடித்தது, ஊரடங்கு வந்தது, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் விவசாயிகள் உயிரிழந்தார்கள். எந்தத் தண்ணீரை நம்பிக் குடியேற்றப்பட்டார்களோ, அதே தண்ணீரைக் கேட்டதற்காக!

தண்ணீரின் தரமும் ஒரு பிரச்னை. லூதியானாவின் சாயக் கழிவும் சாக்கடையும் புட்டா நல்லா ஓடை வழியே சட்லெஜில் கலக்கின்றன. அது ஹரிகே வந்து, கால்வாய் ஏறி, பாலைவனத்து வீடுகளுக்கும் போகிறது. கறுப்புத் தண்ணீர் வருகிறது என்று அங்குள்ள மக்கள் போராடுவது செய்திகளில் அடிக்கடி வரும்.

கோடைக்கு முன்பு பராமரிப்புக்காகக் கால்வாயை மூடும் வழக்கமும் உண்டு. அதற்கு 'நஹர் பந்தி' என்று பெயர். அந்த வாரங்களில் ஊர்களைக் காப்பாற்றுவது 'டிக்கி'. நம் ஊரில் டிக்கி என்றால் காரின் பின்பக்கம். அங்கே அது தண்ணீர் சேமிக்கும் குளம்! வயலுக்கு டிக்கி வெட்டி, சொட்டுநீர், தெளிப்புநீர் போட்டவர்கள், குறைந்த தண்ணீரிலும் சமாளிக்கிறார்கள். டிக்கி வெட்டக் காசில்லாதவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள்.

2024 டிசம்பரில் மோகன்கர் அருகே நடந்தது பலரின் செல்போனுக்கும் வந்திருக்கும். வயலில் போர்வெல் போட்டபோது தண்ணீர் பீறிட்டு எழுந்து, துளையிடும் லாரியையே விழுங்கியது. 'சரஸ்வதி நதி வந்துவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் பரவியது. நிலத்தடியில் பாறை அடுக்குகளுக்கு இடையே அழுத்தத்தில் இருந்த நீர் வெளியேறியது என்று விளக்கினார்கள் நிலத்தடி நீர் வல்லுநர்கள். சில நாள்களில் பீறிடல் நின்றுவிட்டது. அந்தச் சில நாள்கள் அந்த வயலைச் சுற்றி நின்ற கூட்டம், கடைமடையில் தண்ணீருக்கு இருக்கும் ஏக்கத்தைக் காட்டியது.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு...

மதுரையிலிருந்து சென்னை வழியாக பிகானேருக்கே வாராந்தர ரயில் இருக்கிறது, அணுவிரத் எக்ஸ்பிரஸ். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஸ்வெட்டர் கட்டாயம். பிகானேரில் கோட்டையோடு, 1984-ல் தொடங்கப்பட்ட தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையத்தையும் பாருங்கள். குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். வடக்கே காலிபங்கன் அருங்காட்சியகம். மேற்கே பஜ்ஜூ, நாச்னா வழியாகக் கால்வாயை ஒட்டியே மோகன்கர் போய், ஜெய்சல்மேரில் பயணத்தை முடிக்கலாம். பாகிஸ்தான் எல்லையை நெருங்கும் சாலைகளில் அனுமதி தேவைப்படும். உள்ளூரில் விசாரித்துக்கொள்வது நல்லது. கால்வாயில் இறங்கிக் குளிக்க வேண்டாம். கரை வழுக்கும், ஓட்டமும் வேகமாக இருக்கும்.

வழியில் ஊர்ப் பெயர்ப் பலகைகளைக் கவனியுங்கள். எண்ணும் எழுத்துமாக இருக்கும் அந்த ஊர்களில் இப்போது மூன்றாம் தலைமுறை வளர்கிறது. தாத்தாவுக்கு அது அரசாங்கம் கொடுத்த மணல் மேடு. பேரனுக்கோ அதுதான் சொந்த ஊர். அவன் அங்கேயே இருப்பானா, வேலை தேடி ஜெய்ப்பூருக்கோ சூரத்துக்கோ ரயில் ஏறுவானா என்பது, ஹரிகேயில் திறக்கும் தண்ணீர் கடைசி வயல் வரை ஒழுங்காக வந்து சேர்வதைப் பொறுத்தது. பாலைவனத்தில் இன்னும் எத்தனை ஏக்கரைச் சேர்க்கலாம் என்று யோசிப்பதற்கு முன், ஏற்கெனவே குடியேறியவர்களின் முறைத் தண்ணீரை உறுதிசெய்வதுதான் அந்த மக்களுக்குச் செய்யவேண்டிய முதல் வேலை.